முன்னால் போகிற சத்தம்

பழைய பேருந்துகளையெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோய், கண்ணாடி தனியாக, சீட்டு தனியாக, தகரம் தனியாக அறுத்து எடைக்குப் போட்டு, போட்ட இடத்தில் எண்ணெய்க் கறைகூடக் காய்ந்துபோன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில் இருபத்தொன்றாம் நம்பர் பேருந்தின் சத்தம் மட்டும் வழக்கம்போல மேட்டுத்தெருவிலிருந்து கிளம்பி வந்தது.

வண்டி இல்லை, டிரைவர் இல்லை, புகை இல்லை. சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவது கியர் விழாமல் ஒருமுறை கரகரத்து, பிறகு விழுந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கி, இறக்கத்தில் தகரமெல்லாம் சலசலத்து, ஸ்டாப்புக்கு ஸ்டாப் பிரேக் பெருமூச்சு விட்டு நின்று, விசில் இரண்டு முறை ஊத மறுபடி கிளம்பி, கடைவீதி முழுக்க நடந்தது. ராவுத்தர் டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடுங்கின. புது மின்சாரப் பேருந்து மூக்குக்கு நேரே வந்து நின்றபோதுகூட எழுந்திருக்காத தெருநாய், இதற்கு எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

"இருபத்தொண்ணு போகுது" என்றார் ராவுத்தர், டீயை ஆற்றிக்கொண்டே.

"போகுது. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு" என்றான் ஆட்டோக்காரன்.

அவ்வளவுதான் அந்த ஊர் அதைப் பற்றி அன்றைக்குப் பேசியது.

ஒருவகையில் ஊருக்கு அந்தச் சத்தம் தேவையாகவும் இருந்தது. மின்சாரப் பேருந்துகள் வந்தபோது வாழைமரம் கட்டி, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் வரவேற்றார்கள். பழம் நசுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது, வண்டி கிளம்பிய சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதை பேசி நின்றவர்களெல்லாம் வண்டியைத் தவறவிட்டார்கள். பூனை மாதிரி வந்துட்டுப் பூனை மாதிரி போகுதே, இதுக்கு யாரு மணி கட்டுறது என்று புலம்பினார்கள். அதனால்தான் சத்தம் வந்தபோது, இத்தனை நாள் வெளியூர் போயிருந்த சொந்தக்காரர் திரும்பி வந்ததுபோல அதற்கு வழி விட்டார்கள். போக்குவரத்துக் காவலர் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்திச் சத்தத்துக்குக் கை காட்டினார். கல்யாண ஊர்வலம் வந்தால் மேளம் அடங்கி, சத்தம் போன பிறகு மறுபடி கொட்டியது. வேலைக்குப் பிந்தி வந்தவன், "சத்தத்த விட்டுட்டேன் சார்" என்று சொன்னால் முதலாளியும் "நாளைக்காவது சத்தத்துக்கு முந்திக் கிளம்பு" என்றார். கருவியோடு வந்த பொறியாளர், சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, புகை அறவே இல்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் அதிகாரிக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. சத்தம் முன்னால் போகட்டும், மின்சாரப் பேருந்து அதன் பின்னாலேயே போகட்டும், ஜனங்களுக்கு வண்டி வருவது தெரியும், சத்தத்துக்கும் ஒரு வண்டி கிடைத்த மாதிரி இருக்கும் என்றார். அந்தக் காலை நடைக்கு யாரைப் போடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"காசிமாயன் அண்ணே, பழைய இருபத்தொண்ண வருஷக்கணக்கா ஓட்டுனது நீங்கதானே. அதோட போக்கு உங்களுக்குத்தான் அத்துப்படி. கூடவே போயிருங்க."

காசிமாயன் சரி என்று தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்ய.

அப்படித்தான் அவர் தன் பின்னாலேயே தானே வண்டி ஓட்டத் தொடங்கினார். முன்னால் வெறும் ரோடு. அந்த ரோட்டில் அவருடைய கை, அவருடைய கால், அவருடைய அவசரம். எந்த வளைவில் கியர் மாற்றுவோம், எந்தப் பள்ளத்தில் திட்டுவோம், எந்தக் கடை வாசலில் ஹாரனை நீட்டி அடிப்போம் என்பதெல்லாம் அவருக்கு முன்னாலேயே கேட்டுக்கொண்டு போயிற்று. முதல் சில நாள் அது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கண்டக்டர் ஜெயசீலனிடம், "கேளுடா, பாலத்துல எப்புடித் திருப்பியிருக்கேன் பாரு" என்றார். பழைய வண்டியிலும் ஜெயசீலன்தான் அவருக்குக் கண்டக்டர். "என் விசிலும் சோக்காத்தான் இருக்குண்ணே" என்றான் அவன்.

அந்த வழித்தடத்தில் சுண்ணாம்புக் காளவாய் என்று ஒரு ஸ்டாப். காளவாய் எப்போதோ போய்விட்டது, பேர் மட்டும் இருந்தது. மற்ற ஸ்டாப்புகளில் நின்ற சத்தம் காளவாய் ஸ்டாப்பில் நிற்கவில்லை. கூரைக்கடியில் காத்து நின்ற பெண்களைக் கடந்து, தள்ளி டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்த்தான் பிரேக் போட்டது.

பழைய ஆட்களுக்கு இது ஆச்சரியமில்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து அந்த ஊர் டிரைவர்களுக்கு இப்படி ஒரு பழக்கம். காளவாயில் ஏறுவது பூராவும் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற பெண்கள். அவர்களை ஏற்றினால் வண்டி நிறையும், வசூல் நிறையாது, வசூல் இல்லாவிட்டால் சம்பளத்துக்கு மேல் வருகிற படி இல்லை. நிறுத்தாமல் போனால் புகார் வரும். ஆகவே ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவது. ஓடி வந்தவள் ஏறிக்கொள்ளலாம், ஓட முடியாதவள் அடுத்த வண்டிக்கு நிற்கலாம். நிறுத்தவில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது, ஏற்றினான் என்றும் சொல்ல முடியாது.

குடத்தில் பிடித்த ஆற்றுத் தண்ணீர் அசையாமல் இருக்க இருக்கத் தெளிந்து அடியில் கிடப்பது தெரியத் தொடங்குமே, அதைப்போல ஊரின் காது அந்தச் சத்தத்துக்குப் பழகப் பழக, இன்ஜின் சத்தத்துக்கு அடியில் கிடந்ததெல்லாம் மேலே தெரிய ஆரம்பித்தது. காளவாய் ஸ்டாப்பில் முதலில் கேட்டது செருப்புச் சத்தம். ஓடுகிற செருப்பு. வளையல். தூக்குவாளி மூடி தடதடக்கிற சத்தம். பிறகு ஒரு பெண்குரல்: "அண்ணே! நில்லுங்கண்ணே! அண்ணே!" உடனே இரண்டு விசில். கியர் விழுகிறது. அந்தக் கியருக்கும் அடுத்த கியருக்கும் நடுவில், வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக வெளியேறுகிற ஒரு ஆண்சிரிப்பு.

சிரிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஊர் அந்தக் குரலைப் பற்றிப் பேசியது. காளவாய்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் அது தன் குரல்தான் என்றாள்.

"அது நான்டி. மார்கழியில தொண்ட கட்டியிருந்துச்சுல்ல, அதான் கரகரங்குது."

"நீயா? நீ என்னைக்கு 'அண்ணே'ன்னு கூப்புட்ட? 'யோவ் எருமை'ன்னுல்ல கத்துவ!"

"வாளிச் சத்தத்தக் கேளுங்கடி மொதல்ல. அது எங்க வீட்டு வாளி. மூடிக்குத் திருகு கெடையாது."

"ஊருல ஒங்க ஒரு வாளிக்குத்தான் திருகு இல்லையாக்கும்!"

சண்டை முற்றி, ராவுத்தர் வந்து விலக்கி, கடைசியில் யார் குரல் என்று தீராமலே அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாராக இருந்தாலும் அவள் தினமும் ஓடுகிறாள், தினமும் ஏற முடியாமல் நின்றுபோகிறாள், அது மட்டும் உண்மை. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு முக்காலியும் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்தார்கள். சத்தம் வருகிற நேரத்துக்கு நாலைந்து பேர் அங்கே போய் நின்றுகொண்டு, பிரேக் விழுந்ததும் காற்றில் கையை நீட்டினார்கள், ஓடி வருகிறவளைப் பிடித்து மேலே இழுத்துவிட. "வாத்தா, வா, வா, கையக் குடு" என்றார்கள். ஒவ்வொரு நாளும் கை வெறுமனே திரும்பியது. மறுநாளும் நீட்டினார்கள்.

சத்தத்துக்குப் பின்னால் வந்த காசிமாயன் மின்சார வண்டியைக் காளவாய் ஸ்டாப்பின் கூரைக்கு நேராக, நடைபாதையை ஒட்டி, கதவு அவர்கள் காலடியில் திறக்கும்படி நிறுத்தினார். புது வண்டி தாழ்வானது. நிற்கும்போது இன்னும் கொஞ்சம் பணிந்து சாய்ந்துகொடுக்கும். முழங்கால் வலிக்காரிகள் கும்பிட்டுக்கொண்டே ஏறினார்கள். "தங்கமான மனுசன். வண்டியே குனிஞ்சு கூப்புடுது பாருங்க" என்றார்கள். குனிந்தது வண்டி. பேர் வாங்கியது அவர்.

சிரிப்பு யாருடையது என்று ஊர் முடிவு செய்ய அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தொன்றில் காசிமாயனுக்கு மாற்று டிரைவராக இருந்தவர் துரைப்பாண்டி. வாயைத் திறந்தால் வசவு. ஏறினால் திட்டுவார், இறங்கினால் திட்டுவார், சில்லறை விழுந்தால் ரோட்டைத் திட்டுவார். வேறு யாராக இருக்க முடியும்? துரைப்பாண்டி வண்டி வந்தால் பெண்கள் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள். ராவுத்தர் கடையில் அவர் டீ சொன்னால் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர் பின்னாலேயே போய் மூக்கால் சிரித்துக் காட்டினார்கள். அவர் மனைவி குழாயடிக்குப் போனால் வரிசை மௌனமாயிற்று. காலி வண்டியாகவே அவர் ஓட்டித் திரும்ப, பணிமனையில் அவரைப் பேருந்து கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள்.

ஒரு மத்தியானம், காசிமாயன் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு துரைப்பாண்டி வந்தார். கையில் ஈர பிரஷ்.

"மாயா, நீதான்யா ஒரு வார்த்த சொல்லணும்."

"என்னத்த?"

"நான் ஏசுவேன். இல்லேங்கல. 'ஓசியில வாரதுக்கு ஒனக்கு சன்னல் சீட்டு கேக்குதா'ன்னு ஒருத்திய அழ வச்சிருக்கேன். ஸ்டாப்பத் தாண்டியும் நிப்பாட்டியிருக்கேன், எவன் நிப்பாட்டல? ஆனா சிரிச்சிருக்கேனா? இந்த மூஞ்சி சிரிச்சு நீ என்னைக்காவது பாத்திருக்கியா? கல்யாண போட்டாவுலகூட நான் சிரிக்கலையேய்யா!"

காசிமாயன் சார்ஜர் விளக்கையே பார்த்தார். அது பச்சையாக மினுக்கியது.

"சத்தந்தானேப்பா. நாலு நாள்ல மறந்துருவாக."

"எங்க மறக்க? தெனம் காலையில வந்து ஞாபகப்படுத்திட்டுல்ல போகுது. நீ சொன்னா பொம்பளைக கேப்பாக மாயா. ஒனக்கு நல்ல பேரு இருக்கு."

"பாப்போம்" என்றார் காசிமாயன்.

அந்தப் 'பாப்போ'மை அவர் பல நாள் சுமந்தார். வீட்டில் டிவியில் கோமாளித்தனம் ஓடும்போது மனைவியும் மகளும் சிரிக்க, இவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். சிரித்துவிட்டால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் முதலில். பிறகு சிரிப்பே வரவில்லை. தனக்குத்தானே காரணங்கள் சொல்லிக்கொண்டார். படி குறையும், நேரம் தவறினால் விளக்கம் கேட்பார்கள், எல்லா டிரைவரும் செய்ததுதான். ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தியது வரைக்கும் காரணங்கள் சரியாக வந்தன. சிரிப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை. கோபத்தில் செய்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். கண்ணாடியில் சின்னதாக ஒருத்தி, ஒரு கையில் வாளி, ஒரு கையில் சேலைக் கொசுவம், ஓடி ஓடிக் கொஞ்சம் பெரிதாகி, கைப்பிடிக்கு எட்டும் நேரத்தில் கிளம்பியதும் மறுபடி சின்னதாகிப் போவாள். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது அதில். அவள் முகம் எப்படி இருந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது.

காளவாய்ப் பெண்களில் ஒருத்தி மட்டும் அந்தக் குரலைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. நாகஜோதி என்று பேர். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் சண்டை போடும்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். ஒருநாள் ஜெயசீலன் அவளைச் சீண்டினான்.

"என்னக்கா, எல்லாரும் ஓடுனேங்கிறாக, நீங்க ஓடவே இல்லையா?"

"ஓடாம? பறந்தா வந்தேன்?"

காசிமாயனின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. தினமும் ஓடி வந்து கெஞ்சுகிற அந்தக் குரல்தான். அன்றைக்கு முழுக்க அவர் பின்னந்தலையில் ஒரு கண் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவளுக்குத் தெரியும். வண்டியில் ஏறிய முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. முன்னால் சத்தம் காளவாயைத் தாண்டிப் போய் நின்று, செருப்பு ஓடி, வாளி தடதடத்து, குரல் கெஞ்சி, சிரிப்பு சிரித்துவிட்டுப் போயிற்று. பின்னால் வந்த வண்டி ஸ்டாப்பில் குனிந்து நிற்க, டிரான்ஸ்பார்மரிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பெண்கள் ஏறிக்கொண்டே துரைப்பாண்டியைச் சபித்தார்கள். "அவன் பொண்டாட்டி பிள்ளைக நடுரோட்டுல ஓடணும், அதப் பாத்து நாலு பேரு சிரிக்கணும்" என்றாள் ஒருத்தி.

காசிமாயன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். எழுந்து திரும்பி நின்றார்.

"அவன் இல்ல தாயி. நான்தான். அந்தச் சிரிப்பு நான் சிரிச்சது."

பூக்கூடையோடு நின்றவள் மூக்கைச் சிந்தினாள்.

"பாத்தியாடி? கூட வேல பாத்தவனுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு."

"இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?"

"ஒங்க பிள்ளகுட்டி நல்லா இருக்கும்ணே."

"இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன். எலேய் ஜெயசீலா, நீ சொல்லு. விசில் ஊதுனது நீதானே?"

ஜெயசீலன் டிக்கெட் மிஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வந்து, "எதுக்குண்ணே வம்பு? நம்பலேல்ல, விடுங்க" என்றான் மெதுவாக. பூக்காரி ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளிக் கண்ணாடியில் மாட்டவே வந்துவிட்டாள்.

காசிமாயன் வேறு வழியில்லாமல் சிரிக்கப் பார்த்தார். சிரித்துக் காட்டினால் தீர்ந்தது. வாயைத் திறந்தார். வயிற்றை எக்கினார். வறட்டு இருமல்தான் வந்தது. மறுபடி எக்கினார். மறுபடி இருமல். ஒருத்தி பதறித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அவருக்குத் தண்ணி வேணாம்" என்றாள் நாகஜோதி.

அவள் எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, ஸ்டாப்பின் கூரைக்கடியில் போய் நின்றாள்.

"வண்டியக் கொண்டுபோயி முன்னெல்லாம் நிப்பாட்டுன எடத்துல நிப்பாட்டுங்கண்ணே."

"நாகு, என்னடி இது, ஏறுடி!"

"நீங்க நிப்பாட்டுங்க. சிரிப்பு வரும்."

அவர் உட்கார்ந்தார். கால் தானாக அழுத்தியது. வண்டி ஓசையில்லாமல் நகர்ந்து, அவளைக் கடந்து, டிரான்ஸ்பார்மர் அருகே போய் நின்றது. காசிமாயன் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். கண் கண்ணாடிக்குப் போய்விட்டது.

சின்னதாக ஒருத்தி. ஒரு கையில் வாளி, ஒரு கையில் கொசுவம். ஓடினாள். நடிப்பாக ஓடவில்லை, வேலை போய்விடும் என்று ஓடுவதுபோல ஓடினாள். செருப்பு ஒன்று வார் அறுந்து பின்னால் தெறிக்க, அறுந்த கால் ஒருபக்கமும் அறாத கால் ஒருபக்கமும் கோணலாக இழுக்க, வாளி மூடி தடதடக்க, "அண்ணே! நில்லுங்கண்ணே! அண்ணே!" என்று கத்திக்கொண்டு வந்தாள். யார் குரல் என்ற சண்டை வண்டிக்குள் அந்த நொடியே தீர்ந்துபோயிற்று. கண்ணாடியில் அவள் பெரிதாகிக்கொண்டு வர வர, காசிமாயனுக்கு அடிவயிற்றில் ஏதோ புரண்டது. அவர் பல்லைக் கடித்தார். உதட்டைக் கடித்தார். துண்டைத் தேடினார். சிரிப்பு அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. உடம்பு பழகி வைத்திருந்த வழியில், வயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாக, முழுசாக, குறையில்லாமல் வெளியே வந்தது.

மல்லிகையை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நாகஜோதி ஏறினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினாள். காசிமாயன் திரும்பினார். முதல்முறையாக அவள் முகத்தைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார். மூக்கின் ஓரத்தில் வேர்வை. கண்ணுக்குக் கீழே அம்மைத் தழும்பு. அவளுக்குக் கோபமோ ஜெயித்த சந்தோஷமோ இல்லை. களைத்திருந்தாள்.

"தாயி..." என்றார்.

"பொம்பளைகளா, கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "வழியில பணிமனையில எறங்குறவுக யாராச்சும் துரைப்பாண்டி அண்ணன்கிட்டப் போயிச் சொல்லிருங்க." பிறகு அவரிடம், "வண்டிய எடுங்க. இன்னைக்கும் லேட்டுன்னா உள்ள விட மாட்டாக."

போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

யாரும் இறங்கவில்லை. எல்லாருக்கும் வேலை இருந்தது, வேறு வண்டி இல்லை. ஜெயசீலன் விசிலை வாயில் வைத்தான், ஊதவில்லை, எடுத்துவிட்டான். காசிமாயன் வண்டியை எடுத்தார். அடுத்த ஸ்டாப்பில் கோடு போட்ட இடத்தில் நிறுத்தினார். புதிதாக ஏறியவள் ஒருத்தி, "என்னடி எல்லாரும் இழவு வீடு மாதிரி?" என்று கேட்டாள். பின்சீட்டில் ஒருத்தி அவள் காதில் சொல்ல ஆரம்பித்தாள். அதற்கடுத்த ஸ்டாப்பில் ஏறியவளுக்கு முதலில் கேட்டவள் சொன்னாள். தாண்டி நிறுத்தியது, ஓடியது, சிரித்தது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் கதவு திறந்தது, ஆள் ஏறியது, கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இன்ஜின் ஓடிய காலத்தில் முதுகுக்குப் பின்னால் யார் என்ன முணுமுணுத்தாலும் டிரைவர் காதில் விழாது. இந்த வண்டியில் எல்லாம் விழுந்தது. கடைசி ஸ்டாப்வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல்.